கேட்டில் ஞாபகம் வந்தது, கடையில் வரவில்லை

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் மின்ட்டில் ஏறிய ஷேர் ஆட்டோ அந்த கேட்டில் நின்றுவிட்டது. சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக நகர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது நினைவுக்கு வந்தது. காலையிலேயே சொல்லியிருந்தார். மருந்துச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது, தொட்டும் பார்த்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டினால் நாலாவது கடை மெடிக்கல். கேட் திறந்தது. இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தன. ஆட்டோ நெளிந்து வளைந்து வெளியே வந்தது. பக்கத்தில் இருந்தவர் பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். கொடுத்தேன், இறங்கினேன், வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"இன்னாடா, இன்னிக்கும் மறந்துட்டியா?"

அம்மா அதோடு விட்டுவிட்டார். அக்கா விடவில்லை. "அக்கறை இருந்தா மறக்குமா?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் யாரையோ பார்த்து இதைக் கேட்டிருப்பார்கள். கேஸ் புக் பண்ண மறந்தவரை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தேதியை விட்டவரை, திருமண நாளைத் தவறவிட்டவரை. இதற்குச் சரியான பதில் உண்டா என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

அன்றைக்கு என்ன மறந்தேன் என்று முதலில் பார்க்கலாம். மாத்திரையின் பெயரா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அம்லோடிபின், அஞ்சு மில்லிகிராம் என்று சொல்லியிருப்பேன். வாங்க வேண்டும் என்பதையா? கேட்டில் நிற்கும்போது அது தெளிவாக இருந்தது. தெரிந்த விஷயம் எல்லாம் தலைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. கடை வாசலில், யாரும் கேட்காமலே, அது தானாக எழுந்து வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நினைவைப் பற்றிய ஆராய்ச்சி 1885-ல் ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் வெளியிட்ட சோதனைகளிலிருந்து தொடங்குகிறது. அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்து அளந்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆய்வுகள் இந்த வழியிலேயே போயின. ஒருவர் கேட்பார், ஒருவர் சொல்வார். பரீட்சை மாதிரி. ஆனால் மெடிக்கல் வாசலில் கேள்வி கேட்க யாரும் இல்லை. நினைக்க வேண்டும் என்பதையே நாம் நினைத்தாக வேண்டும். இந்த வகைக்கு உளவியலில் புராஸ்பெக்டிவ் மெமரி என்று பெயர். முன்நோக்கு நினைவு என்று சொல்லலாம். நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது ஒன்று, நடக்க வேண்டியதை முன்கூட்டிச் சுமப்பது இன்னொன்று.

தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். "உன்ன நெனச்சேன்" என்றால் ஞாபகம். "போகணும்னு நெனச்சேன்" என்றால் எண்ணம், திட்டம். இந்த இரண்டாவது 'நெனச்சேன்' பெரும்பாலும் காரியம் நடக்காமல் போன பிறகுதான் வாயில் வருகிறது.

1990-ல் அமெரிக்காவில் கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்ற இருவர் இதைச் சோதனைச் சாலைக்குள் கொண்டுவந்தார்கள். ஆட்களைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து ஏதோ ஒரு வேலை கொடுப்பார்கள். நடுவில் குறிப்பிட்ட ஒரு சொல் திரையில் வந்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். கையில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஒன்றைக் கண்டதும் இன்னொன்றைச் செய்ய வேண்டும். நம் சாயங்காலங்கள் முழுக்க இப்படித்தான். இந்த வகை ஆய்வுகளில் இரண்டு தினுசாகப் பிரிக்கிறார்கள். ஒன்றைப் பார்த்ததும் செய்ய வேண்டியவை ஒரு வகை: மெடிக்கலைக் கண்டால் மாத்திரை. நேரம் ஆனதும் செய்ய வேண்டியவை இன்னொன்று: இருபது நிமிஷம் கழித்து மோட்டாரை நிறுத்து. இரண்டாவது பொதுவாகவே கஷ்டம். கடை கண்ணில் படும். இருபது நிமிஷம் கண்ணில் படாது.

இதைச் சமையலறை எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறது. குக்கரைப் பாருங்கள். "பன்னிரண்டு நிமிஷம்" என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை, "மூணு விசில்" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நேரத்தைக் காதில் விழும் சத்தமாக மாற்றிவிடும் சாமான் அது. விசில் வரும்வரை வாசலில் நின்று மீன்காரம்மாவோடு பேசலாம், வத்தலைத் திருப்பிப் போடலாம். பால் குக்கரும் அதே ஏற்பாடுதான். சாதாரணப் பாத்திரத்தில் வைத்த பாலுக்குச் சத்தம் கிடையாது, அதனால்தான் அது பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. எங்கள் தெருவில் மோட்டாருக்கும் சத்தம் கிடையாது. மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரோரம் கொட்டும்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து "அக்கா, மோட்டாரு!" என்று ஒரு குரல் வரும். அதுதான் அலாரம். உப்புத் தண்ணீராக இருந்தாலும் கொட்டிப்போவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

1985-ல் ஸ்டீபன் சேசி, யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற இருவர் 10 வயது, 14 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அடுப்பில் கேக் வேகிறது, அரை மணியில் எடுக்க வேண்டும், அதுவரை வீடியோ கேம் ஆடலாம். கடிகாரம் முதுகுக்குப் பின்னால். எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். சொந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் நாலைந்து தடவை பார்த்து, நேரம் எந்த வேகத்தில் போகிறது என்று மனசுக்குள் அளவு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் நிம்மதியாக ஆட்டம். முடியப் போகும்போது மறுபடி அடிக்கடி பார்த்தார்கள். தெரியாத ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் இந்த லாவகம் குறைவு. நெடுகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பழகின இடம் நமக்காகப் பாதி வேலையைச் செய்கிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

சரி, கேட்டில் மட்டும் ஏன் நினைவு வந்தது? 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு மின்னணு பேட்ஜ் ஒன்று கொடுத்தார்கள். ஒப்புக்கொண்ட வேலை நினைவுக்கு வரும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலையில் மூழ்கியிருக்கும்போது நினைவு குறைவாக வந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்து போகிற வழியில் அதிகம் வந்தது. கை சும்மா இருக்கிற, மனசு ஒன்றிலும் ஒட்டாத இடைவெளிகளில்தான் செய்ய வேண்டியவை மேலே மிதந்து வருகின்றன. பஸ் ஜன்னல், குளியலறை, ரயில்வே கேட். அங்கேயெல்லாம் எதையும் செய்ய முடியாது என்பதுதான் துயரம். செய்யக்கூடிய இடத்துக்கு வரும்போது கையும் காதும் வேறு வேலையில் மாட்டிக்கொள்கின்றன. அன்றைக்கு என் சில்லறை போல.

அந்தச் சில்லறை சாதாரணமானது இல்லை. ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் பின்னால் செய்த சோதனைகளில், நினைவு வந்த உடனே செய்யவிடாமல் சில விநாடிகள் தள்ளிப்போட வைத்தாலே பலரும், குறிப்பாக வயதானவர்கள், கோட்டைவிட்டார்கள். நிமிஷங்கள் அல்ல, விநாடிகள். "இதோ, இத முடிச்சிட்டு" என்று நாம் சொல்லும் அந்த 'இதோ'வுக்குள் காரியம் விழுந்துவிடுகிறது.

இதன் விலை சில இடங்களில் பயங்கரமானது. 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் ஒரு கட்டுப்பாட்டாளர், சிறிய விமானம் ஒன்றை ஓடுபாதையில் நிறுத்திவைத்தார். புறப்பட அனுமதி பிறகு தர வேண்டும். அதற்குள் வேறு விமானங்களின் குழப்பத்தில் கவனம் போய்விட்டது. அந்த விமானம் அங்கே நிற்பதே மனதிலிருந்து நழுவி, அதே பாதையில் ஒரு போயிங்கை இறங்கச் சொல்லிவிட்டார். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவரிடம் அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? விசாரணையும் அவர் ஒருவரின் மறதியோடு நிற்கவில்லை. ஒருவர் மறந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டாவது ஏற்பாடு எதுவும் அந்தக் கோபுரத்தில் இல்லை என்பதை முக்கியமான காரணமாகக் காட்டியது.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். அவள் சொன்னதற்குப் பெரிய ஆட்களின் துணை உண்டு. 1901-லேயே சிக்மண்ட் பிராய்டு, ஒரு காரியத்தை மறந்தால் உள்ளுக்குள் அதைச் செய்ய மனமில்லை என்று பொருள் என்கிற ரீதியில் எழுதினார். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. முக்கியம் என்று நினைப்பதை அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆய்வுகளும் அதைக் காட்டுகின்றன. ஆனால் அதிலிருந்து "மறந்தான், ஆகவே அக்கறையில்லை" என்று முடிவுகட்ட முடியாது.

1991-ல் டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூவருக்கும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியில் காயம். புத்திக்கூர்மைச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் ஒரு கடைத்தெருவுக்கு அனுப்பி, இதை வாங்கு, அதை விசாரி, இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நில் என்று சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தபோது தடுமாறிப்போனார்கள். அதைப் படித்தபோது எனக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுதான் கண்முன் வந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, நாலு கடை, மூணு பேருக்கு அளவு ஜாக்கெட், ஒரு ஜிப் மாற்ற வேண்டும், ஆறு மணிக்கு டெய்லர். கையில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் இத்தனையும் முடித்து வரும் பெண், மூளையின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்றைச் செய்துவிட்டு வருகிறாள். வீட்டில் யாரும் அதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை.

இதைச் சொல்லாமல் போக முடியாது. பெரும்பாலான வீடுகளில் இன்னொருவரின் மறதிக்கு மாற்று ஏற்பாடாக இருப்பவர் மனைவி, அல்லது அம்மா, அல்லது மூத்த பெண். "நீ ஏன் ஞாபகப்படுத்தல?" என்று கணவன் கேட்கும்போது, தன் மறதியின் பழியையும் அவள் மேல் போடுகிறான். அவளுடைய சொந்த மாத்திரையை அவளுக்கு நினைவுபடுத்துபவர் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் அப்பா இருந்தவரை அவருடைய சுகர் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரைதான் தீர்ந்துபோய்க் கிடக்கும்.

மாத்திரை மறதியை வெறும் அலட்சியம் என்று திட்டாமல், அதை ஒரு நடைமுறைச் சிக்கலாகப் பார்த்துத் தீர்வு தேடிய இடங்களில் நம் ஊர் முக்கியமானது. வடசென்னைக்காரர்கள் பலருக்கே இது தெரியாது. 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நகரத்தின் ஏழை, நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகளை நீண்ட நாள் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி) இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றும் இல்லாத வீட்டிலும் நோய் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியக் காலத்தை முடித்துவைக்க உதவியது.

ஆனால் வீடு என்றால் மாத்திரை நினைவு நோயாளியின் தலையில். ஆய்வாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னவர்களும் தவறவிட்டிருந்தார்கள். உடம்பு தேறியதும், இருமல் நின்றதும், நினைவூட்டும் ஒரே அடையாளமும் போய்விடுகிறது அல்லவா? அங்கே பணிபுரிந்த பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் இதைப் பற்றி அப்போதே எழுதினார். 1960-களில், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மையத்துக்கு வந்து ஊழியர் கண்முன்னே மருந்து எடுத்துக்கொள்ளும் முறையை மெட்ராஸிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்று பரப்பிய முறைக்கு வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இப்போது தினசரி மாத்திரை. நடுவில் வந்த சில அட்டைகளில் மாத்திரையைப் பிரித்தால் உள்ளே ஓர் எண் தெரிந்தது, அதற்கு இலவசமாக போன் போட்டால் சாப்பிட்டதாகப் பதிவானது. வழிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தனி மனிதனின் தலையை மட்டும் நம்ப வேண்டாம் என்ற எண்ணம் மாறவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வரிசையை ஞாபகம் வைத்திருக்கும் சுமை ஒன்று குறைகிறது.

முன்பு தெருவுக்கே பொதுவான நினைவூட்டிகள் இருந்தன. பெரம்பூரில் பின்னி ஆலை ஓடிய காலத்தில் ஷிஃப்ட் சங்குதான் பல வீடுகளுக்குக் கடிகாரம் என்று அப்பா சொல்வார். சங்கு ஊதினால் உலை. 1990-களில் ஆலை மூடியதோடு அந்தச் சத்தமும் போயிற்று. ராயபுரத்தில் கோயில் மணியும் பாங்கும் இன்னும் இருக்கின்றன, மெட்ரோ தண்ணி லாரி வந்தால் குடங்கள் இன்னும் ஓடுகின்றன. மற்றபடி ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். போன் அலாரம் நேரத்தைச் சொல்லும், இடத்தை அறியாது. மணி அடிக்கும்போது நாம் பஸ் படிக்கட்டில் இருப்போம், அணைத்துவிடுவோம். மாத்திரை வீட்டில் இருக்கும்.

அதனால் எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைக் கண்டதும், எதை முடித்ததும் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கட்டிவைப்பது நல்லது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். 2006-ல் இத்தகைய 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் கணிசமாகவே இருந்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் காய்ச்சல் தடுப்பூசிக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். ஊசி போட்டவர்கள் நூற்றுக்கு நாலு பேர் கூடினார்கள். ஒரு வரி எழுதிய செலவுக்கு அது நல்ல பலன்.

தமிழில் இதற்கென்றே ஒரு விகுதி இருக்கிறது. 'தும்'. சாப்பிட்டதும், இறங்கினதும், வந்ததும். "நாளைக்கு மாத்திரை வாங்கணும்" என்பது அந்தரத்தில் நிற்கும் வாக்கியம். "ஆட்டோவ விட்டு இறங்கினதும் நேரா மெடிக்கல்" என்பதற்குக் கால் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று டாக்டர் சொல்வதில் மருத்துவக் காரணத்தோடு இந்த வசதியும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் கட்டிவைத்த கொம்பு நகர்ந்தால் கொடியும் நகரும். ரம்ஜான் மாதத்தில் காலைச் சாப்பாடே இல்லாதபோது, அதோடு ஒட்டியிருந்த சுகர் மாத்திரையும் மறந்துபோகிறது என்று எங்கள் தெரு பாய் ஒருவர் சொன்னார். நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொண்ட பிறகுதான் சரியாயிற்று.

வயதானால் எல்லாம் மறந்துபோகும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஒரு திருத்தம் வேண்டும். சோதனைச் சாலையில் இந்த மாதிரி வேலைகளில் இளைஞர்கள் பெரும்பாலும் முதியவர்களை முந்துகிறார்கள். அதே மாதிரி வேலையை வீட்டில், அவரவர் அன்றாடத்தில், இத்தனை மணிக்கு எங்களுக்கு போன் செய்யுங்கள் என்பதுபோலக் கொடுத்தால், முதியவர்கள் பல ஆய்வுகளில் இளைஞர்களை மிஞ்சிவிட்டார்கள். ஏன் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. ஒழுங்கான தினசரி, அதிகப் பொறுப்புணர்வு, தங்கள் நினைவை நம்பாமல் அடையாளம் வைக்கும் பழக்கம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது காரணம் எனக்கு வீட்டிலேயே தெரியும். அம்மா மாத்திரை அட்டையைத் தன் எவர்சில்வர் காபி டம்ளருக்குள் போட்டுவைப்பார், நிற்கவைத்தாற்போல. காலையில் டிகாஷன் ஊற்ற டம்ளரை எடுத்தால் அட்டையை எடுக்காமல் ஊற்ற முடியாது. மாத்திரை போட்டதும் அட்டை டம்ளருக்குத் திரும்பாது. அலமாரி மேல்தட்டில் இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால் போகும். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது மறுபடி டம்ளருக்குள். அதாவது அட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே இன்றைக்குப் போட்டாயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். தினமும் ஒரே மாதிரி செய்கிற காரியத்தில் வரும் பெரிய ஆபத்து அதுதான்: போட்டேனா, போடலையா? நேற்றைய ஞாபகம் இன்றைய ஞாபகத்தோடு கலந்து, சந்தேகத்தில் இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்வது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள். அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

நான் என் பங்குக்கு ஒன்றே ஒன்று செய்தேன். சீட்டைச் சட்டைப்பையில் வைப்பதை விட்டேன். ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிய பத்து ரூபாய் நோட்டைச் சுற்றி அந்தச் சீட்டை மடித்துவைக்கிறேன். காசு கொடுக்காமல் இறங்க முடியாது, சீட்டைப் பிரிக்காமல் காசு கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு மூன்று தடவை வாங்கிவந்தேன். நாலாவது தடவை கூட வந்த நண்பர் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார்.

அம்மாவின் ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. பொன்னேரியில் சித்தி வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினால் மாத்திரை தவறிவிடும். அங்கே பித்தளை டம்ளர், காபியைச் சித்தியே கலந்து கையில் கொடுத்துவிடுவார். போன மாதம் கிளம்பும்போது புடவை மடித்த பைக்குள் தன் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டிருந்தார். எதுக்கும்மா, அங்க டம்ளர் இல்லையா என்று கேட்டேன். "இருக்குது, அது வேற டம்ளர்" என்று சொல்லிவிட்டு, அட்டையை உள்ளே செருகி ஜிப்பை இழுத்தார்.